'ட' எழுத்தில் தொடங்கும் தச்சு

மரவேலை பழக ஆசைப்படுகிறவர்கள் ஹார்டுவேர் கடையில் முதலில் வாங்கி வருவது பெரும்பாலும் 4 அங்குல கட்டரைத்தான். மார்பிள் அறுப்பதற்காக வந்த கருவி அது. மரம் அறுக்கும் பிளேடை மாட்டினால் பலகையையும் நொடியில் அறுத்துத் தள்ளும். தொழில் தெரிந்த தச்சர் கையிலேயே அது ஆபத்தான கருவி. புதிதாகப் பழகுகிறவர் அதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம், அதன் வேகம். 110 மி.மீ. விட்டமுள்ள பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்று சுழல்கிறது என்று கணக்கிட்டால், விளிம்பில் இருக்கும் பல் நொடிக்கு ஏறத்தாழ 69 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 250 கிலோமீட்டர்! ஓடும் பிளேடைப் பலகை கவ்விக்கொண்டால், அத்தனை ஆற்றலும் கருவியை ஆளின் பக்கம் உதைத்துத் தள்ளும். அதற்குள் கையை விலக்க நேரமிருக்காது.

இப்போது ஸ்க்ரோல் சாவைப் பாருங்கள். ஒரு மேசைத் தையல் இயந்திரத்தின் உயரம்தான் இருக்கும். தட்டையான இரும்பு மேடை, மேடைக்கு மேலும் கீழும் ஒவ்வொரு கை, இரண்டு கைகளுக்கும் நடுவே விறைப்பாகக் கட்டிய மெல்லிய பிளேடு. நீளம் 5 அங்குலம். அகலம் ஓரிரு மில்லிமீட்டர். மோட்டாரின் சுழற்சி அதை மேலும் கீழுமாக ஆட்டுகிறது. ஓர் ஏற்றம் 20 மி.மீ., நிமிடத்துக்கு 1,000 முறை என்று வைத்துக்கொண்டால் பல்லின் உச்ச வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். நாம் நிதானமாக நடக்கும் வேகம் அது. கவனம் தவறினால் விரலைக் கிழிக்கும்தான்; ஆனால் பலகையைத் தூக்கி முகத்தில் எறியாது. பெரும்பாலான இயந்திரங்களில் 400 முதல் 1,600 வரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியும்.

கை ரம்பத்தில் பலகை நிற்கும், ரம்பம் போகும். இங்கே ரம்பம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்க, நாம் பலகையைத் திருப்புகிறோம். பிளேடு எவ்வளவு ஒடுங்கியிருக்கிறதோ அவ்வளவு சிறிய வளைவில் திரும்ப முடியும். ஒடுங்கிய பிளேடுக்குச் சொந்தமாக விறைப்பு கிடையாது. இரு முனையிலும் இழுத்துக் கட்டுவதால்தான் அது நேராக நிற்கிறது. கட்டியபின் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தெளிவாக ஒலித்தால் சரி. மந்தமாக ஒலித்தால் இன்னும் முறுக்க வேண்டும். இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான் இது.

தளர்ந்த பிளேடின் மீது பலகையை அவசரமாகத் தள்ளினால் பிளேடு பின்பக்கம் வளையும், பக்கவாட்டிலும் சாயும். வெட்டின் மேல்பக்கம் கோட்டின் மேல் இருக்க, அடிப்பக்கம் விலகிப் போயிருக்கும். புதியவர்கள் செய்யும் பிழைகளில் பாதி தள்ளும் அவசரத்தால் வருபவை. மேடை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம்கூட வேண்டியதில்லை. கழிவுக் கட்டை ஒன்றில் சிறு வெட்டு போட்டு, கட்டையை அப்படியே சுற்றித் திருப்பி, பிளேடின் பின்பக்கமாக அந்த வெட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் மேடை சரி. சாய்வு இருந்தால், திருப்பியதில் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

இந்த மெல்லிய ரம்பத்துக்கு நீண்ட மரபு உண்டு. பிரான்சில் 14ஆம் லூயி மன்னரின் காலத்தில் ஆந்த்ரே ஷார்ல் பூல் பித்தளையையும் ஆமை ஓட்டையும் சேர்த்தறுத்து அரண்மனை அலமாரிகளில் பதித்தது இத்தகைய ரம்பத்தால்தான். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டில் அறுத்து, குழந்தைகள் புவியியல் படிக்கத் துண்டுகளாக விற்றார். இன்றைய ஜிக்சா புதிர் அங்கிருந்துதான் வந்தது. நம் நகைப் பட்டறைகளில் தகட்டுக்குள் பூவேலை அறுக்கும் நூல் போன்ற ரம்பமும் இதே குடும்பம்.

முதல் வேலையாக என்ன அறுக்கலாம்? யானை, மயில் என்று பலரும் தாவுவார்கள். நான் சொல்வது 'ட' என்ற எழுத்து. இரண்டே கோடுகள், நேர்வெட்டும் ஒரு மூலையும் பழகிவிடும். அதைவிட முக்கியமாக, மரம் என்றால் என்ன என்பதை இந்த ஓர் எழுத்து கற்றுக்கொடுத்துவிடும். ஒட்டுப்பலகை வேண்டாம், 6 அல்லது 8 மி.மீ. தடிமனுள்ள சாதாரண மரப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மரக்கடையில் கழிவாகக் கிடக்கும் துண்டே போதும். அதன் ரேகை ஓடும் திசையில் 'ட'வின் நிற்கும் கோடு வரும்படி வரைந்து அறுங்கள். எழுத்தின் ஒவ்வொரு கையும் ஒரு விரல் அகலம் இருக்கட்டும். அறுத்து முடித்ததும் இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். ரேகையோடு ஓடும் கை வளைந்து கொடுத்துத் தாங்கும். படுத்திருக்கும் கை பிஸ்கட்டைப் போலப் பட்டென்று ஒடிந்துவிடும்.

ஒரே பலகை, ஒரே தடிமன், ஒரே அகலம். பிறகு ஏன் இந்த வேறுபாடு? மரத்தின் உடல், அடிமரத்தின் போக்கில் நீளும் நுண்குழாய்களால் ஆனது. அந்தக் குழாய்ச் சுவர்களில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில்தான் சுற்றியிருக்கின்றன. குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிப்பது லிக்னின். நீளவாக்கில் இழுத்தால் செல்லுலோஸையே அறுத்தாக வேண்டும். குறுக்கே இழுத்தால் ஒட்டு விட்டுக்கொடுத்தால் போதும். குறுக்கு வலு நீளவாக்கு வலுவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத மரங்கள் பல. விறகு பிளப்பவர் கோடரியை எந்தத் திசையில் போடுகிறார் என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வைரம் பாய்ந்த தேக்கானாலும் விதி இதுதான்.

வளைவு அறுக்கும்போது இதைக் கையே உணரும். வட்டம் ஒன்றை அறுத்துப் பாருங்கள். அந்த ஒரே சுற்றில் ரேகையோடும், குறுக்கேயும், சாய்வாகவும் பிளேடு பயணிக்கிறது. குறுக்கே போகும்போது மெதுவாகவும் நிதானமாகவும் போகும். ரேகைக்கு இணையாக வரும்போது அது கோட்டை விட்டு நாரின் பாதையில் ஓடப் பார்க்கும். பிடி தளராமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். இதற்காகவே இந்த ரம்பத்தை மற்ற எல்லாக் கருவிகளுக்கும் முன்னால் வைக்கிறேன். நேர்கோட்டு ரம்பம் ஒரு வெட்டில் ஒரு திசையைத்தான் காட்டும்.

'ட' ஒடிவதற்கு மாற்றுதான் ஒட்டுப்பலகை. மெல்லிய தகடுகளை ஒன்றன் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை குறுக்காக வரும்படி ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டியது. எந்தத் திசையிலும் ஏதோ ஒரு தகடு தாங்கிக்கொள்ளும். நுண்ணிய வேலைப்பாட்டுக்கு 4 அல்லது 6 மி.மீ. ஒட்டுப்பலகை நல்லது. ஆனால் முதலில் மரத்தில் ஒடித்துப் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

ஒடிவது போலவே சுருங்குவதிலும் மரத்துக்குத் திசை உண்டு. பச்சை மரம் முழுதாகக் காயும்போது தேக்கு, வளர்ச்சி வளையங்களின் சுற்றுவாக்கில் 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய ஆரவாக்கில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் பொருட்படுத்த வேண்டாத அளவு. காய்ந்து பதப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டேதான் இருக்கும். ஓர் அடி அகலத் தேக்குப் பலகையின் ஈரம் கோடைக்கும் மழைக்கும் இடையே 4 விழுக்காடு மாறினால், அகலம் 2 மி.மீ.க்கு மேல் மாறக்கூடும். ஐப்பசி மழையில் கதவு இறுகுவது இதனால்தான். பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஒட்டாமல் சும்மா செருகியிருப்பார்கள். பலகை நகர இடம் விட்ட அந்த ஆசாரிகள் இந்தக் கணக்கை எந்த அட்டவணையும் இல்லாமல் அறிந்திருந்தார்கள். புதிதாக வாங்கிய பலகையை அறுப்பதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

'ட', 'ப' கைவந்ததும் 'ம'வுக்குப் போகலாம். அதன் கண்ணுக்குள் வெளியிலிருந்து பிளேடு நுழைய வழியில்லை. உள்ளே சிறு துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றித் துளை வழியே கோத்து, மறுபடி கட்டி அறுக்க வேண்டும். பின்னிய கோலங்களும் ஜன்னல் பூவேலையும் இப்படி உருவாவனதான். மூன்று சுழி 'ண' வந்துவிட்டால் பெயர்ப்பலகைக்குத் துணியலாம். அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டியிருக்காது. அறுத்தால் தனியே விழுந்துவிடும். பின்னால் ஒரு பலகை வைத்து ஒட்டலாம், அல்லது புள்ளியை மேல்கோட்டோடு இணைத்து வரையலாம். எது கீழே விழும், எது நிற்கும் என்று அறுக்கும் முன்பே தாளில் நிழலிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

அறுத்தபின் உப்புத்தாள். 80, 120, 220 என்று எண் கூடக்கூட நயமாகும். ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் அடித்தபின் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

தூசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995இலேயே சேர்த்துவிட்டது. பல ஆண்டுகள் மரத்தூளில் உழைத்தவர்களின் மூக்குக் குழியில் வந்த புற்றுநோயே அதற்கு அடிப்படை. எப்போதாவது ஒரு மணி நேரம் அறுப்பவருக்கு அந்த அளவு அபாயம் இல்லை என்றாலும், என்95 முகக்கவசமும் கண்ணாடியும் அணியாமல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். எம்.டி.எஃப். பலகையின் தூள் இன்னும் நுண்ணியது, பசையின் ஃபார்மால்டிஹைடும் அதில் உண்டு. வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். சிறுவர்கள் அறுத்தால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இயந்திரம் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: முனையில் குறுக்காணி இல்லாத பிளேடை அது ஏற்குமா? ஆணி வைத்த பிளேடு நுழையப் பெரிய துளை வேண்டும். எழுத்தின் கண்ணுக்குள் அது போகாது. இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. யு வடிவக் கை ரம்பச் சட்டம் ஒன்று, ஒரு டஜன் பிளேடு, மேசை விளிம்பில் இறுக்கிய முக்கோணப் பிளவு உள்ள பலகைத் துண்டு ஒன்று, இவை போதும். நம் பள்ளிகளின் கைவேலை வகுப்புக்கு இவற்றை வாங்கிக் கொடுக்கப் பெரும் நிதி தேவையில்லை. தலைமையாசிரியர்களும் பெற்றோர் சங்கங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.