பத்தாம் வகுப்பும் முப்பது வயதும்

மட்டாஞ்சேரியில் குடியிருக்க வீடு பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாத வாடகையைவிடப் 'பணயம்' என்கிற ஏற்பாடுதான் அங்கே அதிகம் பேசப்படும்; நம்மூர் ஒத்திதான் அது. மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம். சுள்ளிக்கல், பனயப்பள்ளி, கப்பலண்டிமுக்கு என்று நெருக்கியடித்த சந்துகளில் ஓர் அறையும் அடுப்படியும் உள்ள வீட்டுக்கே லட்சக்கணக்கில் கேட்பார்கள். எர்ணாகுளத்து ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் பெண் அதை எப்படிச் சேர்ப்பாள்? குவைத்தில் இரண்டு வருஷம் 'கத்தாமா' என்கிற வீட்டுப் பணிப்பெண் வேலைக்குப் போனால் சேர்த்துவிடலாம் என்று தெரிந்த சேச்சி ஒருத்தி சொன்னால், காது கொடுக்கத்தான் தோன்றும்.

இந்தக் கரையிலிருந்து பெண்கள் கடல் தாண்டியது கல்ஃப் காலத்தில் தொடங்கியதில்லை. 1663 முதல் 1795 வரை கொச்சி டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. மிளகோடு மனிதர்களையும் விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார்கள். அப்படி விற்கப்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் வரை போனார்கள். அங்கத்திய பழைய பதிவுகளில் கொச்சி என்றும் மலபார் என்றும் ஊரையே பின்பெயராகச் சுமந்த பெண்கள் இருக்கிறார்கள். இங்கே விற்பனைகளுக்கு முறையாகப் பத்திரம் எழுதப்பட்டது. கொச்சியின் டச்சு ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. அன்றைய அரசாங்கம் அந்தப் பெண்களுக்குச் செய்த ஒரே காரியம், விற்றதைத் தப்பில்லாமல் பதிந்துவைத்தது.

எழுபதுகளில் கல்ஃப் கதவு திறந்தது. ஆண்களுக்குப் பின்னால் வீட்டு வேலைக்கும் ஆயா வேலைக்கும் பெண்களும் போனார்கள். 1922ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்துக்குப் பதிலாக 1983ல் புதுச் சட்டம் வந்தது. பத்தாம் வகுப்பு தாண்டாதவர் கல்ஃப் நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பது இன்றைக்கும் அந்தச் சட்டத்தின் கீழ்தான். கொச்சியிலும் அப்படி ஓர் அலுவலகம் உண்டு.

அந்தக் காலத்தில் ஒரு பெண் அங்கே மாட்டிக்கொண்டால் ஊருக்குத் தெரியவே மாதக்கணக்காகும். கடிதத்தைத் தபாலில் போடுவதும் முதலாளி வீட்டுக்காரர்தான். லீவில் ஊருக்கு வரும் யாராவது ஒரு டிரைவரின் கையில் மடித்த காகிதம் வந்து சேர்ந்தால் உண்டு. அதை எடுத்துக்கொண்டு வீட்டார் எம்.எல்.ஏ.விடம் போவார்கள், பள்ளிவாசலுக்கோ பாதிரியாரிடமோ போவார்கள். எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் எழுதியது டில்லி போய், அங்கிருந்து தூதரகம் போய், தூதரகம் கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், பேசி... அவன் 'ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்துத்தானே எடுத்தேன்' என்பான். வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கென்று மாநில அரசில் ஒரு துறை ஏற்பட்டதே 1996 டிசம்பரில்தான். அதன் கையாக வேலை செய்யும் நோர்க்கா ரூட்ஸ் 2002ல் வந்தது.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு போதும்; குவைத்தில் உள்ள மலையாளி சங்கத்துக்காரர் ஒருவர் அன்று மாலையே தூதரகத்துக்கு ஃபோன் போட்டிருப்பார். 2015 பிப்ரவரியில் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். 2009 முதல் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. தங்க இடம், டிக்கெட், பாஸ்போர்ட் இல்லாதவர் ஊர் திரும்புவதற்கான அவுட்பாஸ் செலவு எல்லாம் அதிலிருந்து கொடுக்கலாம். 2014 ஜூலை 5ஆம் தேதி, ஈராக்கின் திக்ரித்தில் சிக்கிய 46 நர்சுகளை ஏற்றிவந்த தனி விமானம் கொச்சியில்தான் இறங்கியது. 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் மாலத்தீவில் மாட்டிக்கொண்ட 698 பேரோடு ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் மட்டாஞ்சேரிக்கு எதிரே உள்ள வெலிங்டன் தீவுக்கு வந்தது. 103 பெண்கள், அதில் 19 பேர் கர்ப்பிணிகள். மீட்டுக் கொண்டுவருவதில் நமக்குக் கை பழகிவிட்டது.

அனுப்பிவைப்பதில்தான் பழகவில்லை.

2022ல் வெளியான குவைத் ஆள்கடத்தல் வழக்கைப் பாருங்கள். குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை, விசா இலவசம் என்று கொச்சியில் விளம்பரம். போன பெண்கள் ஊர் திரும்பி எர்ணாகுளம் தெற்குக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் சாரம் இது: விசிட் விசாவில் கொண்டுபோய்க் குவைத் வீடுகளுக்கு விலைபேசிக் கொடுத்தார்கள், விடச் சொன்னால் லட்சக்கணக்கில் கேட்டார்கள்.

ஏன் விசிட் விசா? இந்தப் பெண்களில் அநேகம் பேர் எட்டோ ஒன்பதோ படித்து நின்றவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கு 18 நாடுகளில் வேலைக்குப் போக அனுமதி வேண்டும். முப்பது வயது ஆகாத பெண் என்றால் அனுமதியே கிடையாது. அதே படிப்புள்ள ஆணுக்கு அந்தத் தடை இல்லை. 2016 முதல் இப்படிப்பட்ட பெண்களைத் தனியார் ஏஜெண்டுகள் அனுப்பக்கூடாது, நோர்க்கா, ஒடெபெக் மாதிரி அரசு நிறுவனங்கள்தான் அனுப்பலாம் என்றார்கள். குவைத் முதலாளி 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கட்டவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. குவைத் முரண்டு பிடித்ததால் 2017ல் அது போயிற்று. எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் சந்து முனையில் நிற்கும் ஏஜெண்டுக்கு அத்தனையும் வசதியாகப் போனது. 'வேலை விசாவுக்கு இவ்வளவு சிக்கல், டூரிஸ்டாகப் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறான். டூரிஸ்டுக்கு எந்த அனுமதியும் வேண்டாம். முறையான வேலை ஒப்பந்தம் இல்லை. அனுமதி பெற்றுப் போகிறவருக்குக் கிடைக்கும் பத்து லட்ச ரூபாய் காப்பீடும் இல்லை. விமானம் ஏறும்போதே அவள் அரசாங்கத்தின் கணக்கில் இல்லாதவள்.

முறையாகப் போனால் பத்திரம் என்று நம்பவும் வழியில்லாமல் ஒரு சமயம் இருந்தது. குவைத்துக்குப் போகும் நர்சிடம் அதிகபட்சம் 19,500 ரூபாய் வாங்கலாம் என்றிருக்க, ஒரு நிறுவனம் 19,50,000 வாங்கியது என்று 2015ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. இரண்டு சைபர்தான் கூடுதல்! வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் கொச்சியின் குடியேற்றப் பாதுகாவலரும் ஒருவர். அதற்குப் பிறகுதான் நர்சுகளை அனுப்புவதும் அரசு நிறுவனங்களின் கைக்கு வந்தது.

நர்சுகளின் கதை அதன்பின் வேறு திசையில் போய்விட்டது. 2023ஆம் வருஷத்துக் கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டிலுள்ள கேரளத்தவரில் பெண்கள் 19.1 சதவீதம்; 2018ல் 15.8. கூடியவர்களில் பெரும்பகுதி படித்தவர்கள், ஐரோப்பாவுக்கும் மேற்குக்கும் போகிறவர்கள். ஜெர்மன் படிக்கும் பெண்ணுக்கு நோர்க்காவில் வழிகாட்ட ஆள் இருக்கிறது. ஒன்பதாவதில் நின்ற மட்டாஞ்சேரிப் பெண்ணுக்கு அந்தச் சேச்சிதான் நோர்க்கா.

புகார் கொடுக்கும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், முதலாளியின் பெயர், ஃபோன் நம்பர், சிவில் ஐ.டி. எண் என்று வரிசையாகக் கேட்பார்கள். நர்சிடம் எல்லாம் மின்னஞ்சலில் இருக்கும். இவளுடைய அம்மாவிடம் இருப்பது ஏஜெண்டின் நம்பர் மட்டும். அதுவும் இப்போது ஸ்விட்ச் ஆஃப். வைஃபை கிடைத்த நேரத்தில் மகள் அனுப்பிய லொகேஷன் புள்ளியை வைத்துத்தான் எந்த வீடு என்றே கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்வது அநேகமாக அங்குள்ள ஒரு மளிகைக் கடைக்காரரோ டாக்சி ஓட்டுநரோதான். தூதரகம் அதற்குப் பிறகு வருகிறது.

நம் தமிழ்நாட்டுப் பக்கமும் நிலைமை வேறில்லை. 2015ல் ரியாத்தில் வேலை செய்த வீட்டில் கை துண்டான காட்பாடிப் பக்கத்து அம்மாவுக்காக வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜே குரல் கொடுத்தார். அந்த அம்மா அடுத்த மாதமே சென்னை வந்து சேர்ந்தார். செய்தியானால் அரசு ஓடிவரும்.

வந்து சேர்ந்த பின்னால்? திரும்பி வந்து நொடித்துப்போனவர்களுக்கு நோர்க்காவின் 'சாந்த்வனா' உதவி இருக்கிறது. மருத்துவச் செலவுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் வரை கொடுப்பார்கள். ஆனால் குறைந்தது இரண்டு வருஷமாவது வெளிநாட்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். அடி தாங்காமல் நான்காம் மாதமே தப்பி வந்தவளுக்கு இது பொருந்தாது. விசிட் விசாவில் போனவள் வேலை பார்த்தாள் என்பதற்கே காகிதம் கிடையாது. கடத்தப்பட்ட பெண்ணுக்கு இரண்டு வருஷக் கணக்குப் பார்க்க வேண்டாம், போலீஸ் எஃப்.ஐ.ஆர். இருந்தால் போதும் என்று ஒரு வரி சேர்க்கலாம். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.