ஒரு குப்பிச் சிறுநீர் எதைச் சொல்லும்?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2011 ஜூலை 1 அன்று ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருமானமின்றித் தவிக்கும் பெற்றோர் அரசிடம் உதவித்தொகை கேட்டால், முதலில் சிறுநீர் கொடுத்து, தாங்கள் போதைப்பொருள் எடுப்பதில்லை என்று நிரூபிக்க வேண்டும். சோதனைக் கட்டணம் அவர்கள் கையிலிருந்து. தேறினால் அரசு திருப்பித் தரும். தேறாவிட்டால் ஓராண்டுக்கு உதவி இல்லை. மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு அங்கே கிடைத்த உச்சபட்சத் தொகை மாதம் 303 டாலர்.

நான்கே மாதத்தில் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் 4,046 பேர் சோதிக்கப்பட்டிருந்தார்கள். தேறாதவர்கள் 108 பேர், அதாவது சுமார் 2.7 சதவீதம், அவர்களிடமும் அதிகம் அகப்பட்டது கஞ்சாதான். தேறியவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் அரசுக்கு 1,18,140 டாலர் செலவு. அந்த 108 பேருக்கு உதவியை மறுத்து மிச்சம் பிடித்ததைவிட இது 45,780 டாலர் அதிகம்.

வரிப்பணம் போதைக்குப் போகலாமா என்று கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் திறன் ஒரு குப்பிச் சிறுநீருக்கு இல்லை.

சோதனைக்கூடம் பெரும்பாலும் தேடுவது போதைப்பொருளை அல்ல, உடல் அதைச் சிதைத்த பின் மிஞ்சும் பொருளை. அது எத்தனை நாள் தங்கும் என்பது வேதியியலைப் பொறுத்தது. கோகைனின் சிதைபொருள் நீரில் கரைந்து இரண்டு முதல் நான்கு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். கஞ்சாவின் டி.எச்.சி. கொழுப்பில் கரைவது, உடல் கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாகக் கசியும். தினமும் புகைத்தவரிடம் ஒரு மாதம் வரைகூடத் தடயம் இருக்கலாம். ஆக, சனிக்கிழமை கோகைன் எடுத்தவர் வியாழக்கிழமை தேறிவிடலாம். கஞ்சாவை விட்டு மூன்று வாரம் ஆனவர் மாட்டிக்கொள்ளலாம். மதுவோ சில மணி நேரத்தில் போய்விடும், வழக்கமான சோதனைப் பட்டியலில் அது இடம்பெறுவதும் இல்லை. இந்தச் சட்டம் வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் சட்டவிரோதப் போதைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து கொன்றதைவிட அதிகம் பேரைக் கொன்றது மதுதான்.

இன்னொரு சிக்கல், தவறாகக் காட்டுவது. முதல்கட்டச் சோதனையில் ஆன்டிபாடிகள் குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதே சாயலுள்ள வேறொன்றையும் பிடித்துவிடும். மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎஃபெட்ரின், ரத்த அழுத்தத்துக்கான லெபெட்டலால் போன்ற மருந்துகள் ஆம்ஃபெட்டமின் போலத் தெரியக்கூடும். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசாவில் உண்மையாகவே சிறிதளவு மார்ஃபின் உண்டு. அதனால்தான் பணியாளர் சோதனைகளில் மார்ஃபின் வகைக்கான வரம்பை அமெரிக்க அரசு 1998இல் மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000க்கு உயர்த்தியது.

பழக்கமுள்ளவர்கள் குறைவாக இருக்கும் கூட்டத்தில் இந்தப் பிழை பூதாகரமாகிவிடும். ஆயிரம் விண்ணப்பதாரர்களில் 26 பேர் மட்டும் எடுப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 26 பேரையும் சோதனை பிடித்துவிடுகிறது. மீதி 974 பேரில் நூற்றுக்கு இரண்டு பேரைத் தவறாகச் சுட்டுகிறது. இப்போது சந்தேக வளையத்தில் 45 பேர், அவர்களில் 19 பேர் எதையும் தொடாதவர்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் இரண்டாவதாகச் சோதித்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும். ஆனால் அந்தக் கருவியும் மூலக்கூறு இருந்தது என்றுதான் சொல்லும். அந்த மனிதர் அடிமையா, எப்போதோ ஒருமுறை எடுத்தவரா, பிள்ளைக்குச் சோறு போடுகிறவரா என்பதையெல்லாம் சொல்லாது. போதைச் சார்பைக் கண்டறிய மனநல மருத்துவர்கள் பார்க்கும் 11 அறிகுறிகளில் சிறுநீர் முடிவு ஒன்றாக இல்லை.

ஃப்ளோரிடாவுக்கு இது புதுச் செய்தி அல்ல என்பதுதான் எனக்குப் பெரும் வருத்தம். 1999இல் அதே மாநிலம் ஒரு முன்னோட்டத் திட்டம் நடத்தியது. சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்து சதவீதத்தினரிடமே தடயம் இருந்தது. மதிப்பிட்ட ஆய்வாளர்கள் வேலையிலும் வருமானத்திலும் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. கையில் இருந்த சான்றை ஒதுக்கிவிட்டுத்தான் சட்டம் எழுதப்பட்டது. சந்தேகத்துக்குக் காரணமே இல்லாமல் ஏழை என்பதற்காக ஒருவரைச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 டிசம்பரில் உறுதிசெய்தது.

பழக்கமுள்ளவர்கள் பயந்து விண்ணப்பிக்காமலே ஒதுங்கியிருப்பார்கள், அதுவே வெற்றி என்று வாதிடுவோர் உண்டு. அப்படி ஒதுங்கியவர் வீட்டுப் பிள்ளைக்கு அன்று பசிக்காதா? மாட்டிக்கொண்டவர் சிகிச்சை முடித்தால் ஆறு மாதத்தில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றது சட்டம். சிகிச்சைச் செலவை ஏற்க மட்டும் அது முன்வரவில்லை.

இதே சிறுநீர்ச் சோதனை நன்றாகப் பயன்பட்ட இடமும் உண்டு. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கோகைன் பழக்கமுள்ளவர்களை வாரம் மூன்று முறை சோதித்தார். தடயம் இல்லாத ஒவ்வொரு முறையும் பொருள் வாங்கும் வவுச்சர். மதிப்பு இரண்டரை டாலரில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 1994இல் வெளியான முடிவுப்படி, ஆலோசனையோடு வவுச்சரும் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தார்கள். ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம். தவறினால் வவுச்சர் மதிப்பு மறுபடி இரண்டரை டாலருக்கு இறங்கும். ஆனால் சிகிச்சையிலிருந்து யாரையும் வெளியே அனுப்பவில்லை. தொடர்ந்து ஐந்து முறை தேறினால் இழந்த இடம் திரும்பக் கிடைக்கும், அடுத்த சோதனையும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.