கொரியப் பிள்ளையின் பிறந்தநாளும் எங்கள் வீட்டுப் பிள்ளையும்

தைப்பொங்கல், வருடப்பிறப்பு, தீபாவளி, நத்தார் என்று பெருநாள் எது வந்தாலும் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணித்தான் உடுப்பு எடுக்கிறோம். அந்த எண்ணிக்கையில் இறந்துபோன தம்பியின் பிள்ளையும், அயலவரின் பிள்ளையும் சேர்ந்திருக்கும் வீடுகள் எம்மிடையே பல. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும், பின்னர் 2009 வரை வன்னியிலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டுவிட்டு வந்தன. ஆனால் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை விட்டுவிட்டு வரவில்லை. அம்மம்மா, பெரியப்பா, மாமி, சின்னம்மா என்று யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இன்று இணுவிலிலும் சுற்றயலிலும் குத்தகைக்குத் தோட்டம் செய்து வாழும் குடும்பங்களிடையே அப்படி வளர்ந்தவர்களும் வளர்பவர்களும் இருக்கிறார்கள்.

உடுப்பு எடுப்பது இலகு. பிள்ளையின் பிறந்தநாள் வரும்போதுதான் வளர்ப்பவர்களுக்குச் சங்கடம். சில பிள்ளைகளுக்குப் பிறந்த திகதியே தெரியாது. திகதி தெரிந்த வீட்டிலும், அன்று பெற்ற தாயைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் உண்டு. 'ஏன் பிள்ளையை வீணாக அழப்பண்ணுவான்' என்று சொல்லி, அந்த நாளையே பேசாமல் கடத்திவிடுகிறோம். இது பிள்ளைக்கு நன்மையா?

இதே கேள்வியை எங்களுக்கு முன்னரே பெரிய அளவில் சந்தித்தவர்கள், கொரியப் பிள்ளைகளை எடுத்து வளர்த்த குடும்பங்கள். எழுபது ஆண்டுகால அனுபவம் அவர்களுடையது. அதில் எங்களுக்கும் பாடம் உண்டு.

போரிலிருந்து போன பிள்ளைகள்

கொரியப் போர் 1950 முதல் 1953 வரை நடந்தது. நாடு சிதைந்தது, ஏராளமான பிள்ளைகள் அநாதைகளாயினர். 1955 இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்து விவசாயியான ஹரி ஹோல்ற் என்பவரும் மனைவி பேர்த்தாவும் எட்டுக் கொரியப் பிள்ளைகளைச் சுவீகாரம் எடுத்தார்கள். அதற்காக அமெரிக்கக் காங்கிரஸ் தனியாக ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அவர்கள் திறந்த வழியில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அமெரிக்கா, பிரான்ஸ், சுவீடன், டென்மார்க் முதலிய நாடுகளுக்குச் சென்றார்கள். போர் முடிந்து முப்பது ஆண்டுகளின் பின்னரும் இது குறையவில்லை. 1985 ஆம் ஆண்டில் மாத்திரம் எட்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் அனுப்பப்பட்டனர்.

ஆரம்ப காலத்தில் வளர்ப்புப் பெற்றோருக்குக் கூறப்பட்ட புத்திமதி ஒன்றுதான்: 'உங்கள் சொந்தப் பிள்ளையாகவே வளருங்கள், பழையதைப் பேசாதீர்கள்.' கொரியப் பெயர் மாற்றப்பட்டது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டப்பட்டது. நத்தாருக்கு மரம் வைக்கப்பட்டது. அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும் பிள்ளை கேட்காமல் இருக்குமா? வளர்ந்தபின் அவர்களில் பலர் எழுதியும் பேசியும் வந்தது இதுதான்: 'எங்களுக்கு எல்லாம் தந்தார்கள், எங்கள் கதையை மாத்திரம் தரவில்லை.'

அதன் பின்னரே வளர்ப்புப் பெற்றோர் பலர் மாறினார்கள். மினசோட்டா போன்ற இடங்களில் விடுமுறை முகாம்கள் நடத்தி, கொரியச் சமையலும் பாட்டும் மொழியும் பழக்கினார்கள். (முகாம் என்றவுடன் எங்கள் முகாம்களை நினைக்க வேண்டாம். இவை பிள்ளைகள் சில நாட்கள் கூடி விளையாடிப் படிக்கும் இடங்கள்.) கொரியரின் பெருநாட்களும் அவ்வீடுகளுக்குள் வந்தன.

எங்கள் வழக்கம் போன்ற வழக்கங்கள்

கொரியரின் பெருநாட்களைக் கேட்டால் எங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கும். சந்திர மாதக் கணக்கில் எட்டாம் மாதத்துப் பூரணையில் வருவது சுசொக் என்னும் அறுவடைப் பெருநாள். புது நெல்லரிசி மாவில் எள்ளு, பயறு முதலியவற்றை உள்ளே வைத்து, அரைப்பிறை வடிவில் பிடித்து அவிக்கிறார்கள். பார்த்தால் கொழுக்கட்டைதான். முன்னோருக்குப் படைத்து, கல்லறைகளுக்குப் போய்ப் புல் வெட்டித் துப்புரவு செய்வார்கள். வருடப்பிறப்பன்று பிள்ளைகள் பெரியவர்களை விழுந்து வணங்க, பெரியவர்கள் காசு கொடுப்பார்கள். எங்கள் கைவிசேஷம் அது.

பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் நாளில் அதன் முன்னே நூல், அரிசி, காசு, புத்தகம், எழுதுகோல் என்பவற்றைப் பரப்பி வைத்து, எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். நாங்கள் பல்லு முளைத்த பிள்ளைக்குக் கொழுக்கட்டை சொரிந்துவிட்டு, புத்தகமும் பேனையும் நகையும் முன்னே வைத்துப் பார்க்கிறோம் அல்லவா?

இவை எல்லாவற்றையும்விட நாம் கவனிக்க வேண்டியது பிறந்தநாள் உணவு. கொரியர் தம் பிறந்தநாளில் கடற்பாசிச் சூப் குடிப்பார்கள். அங்கே பிள்ளை பெற்ற தாய்க்கு உடம்பு தேறுவதற்கும் பால் சுரப்பதற்கும் கொடுக்கும் உணவு அது. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு மிளகும் மல்லியும் மஞ்சளும் உள்ளியும் சேர்த்துச் சரக்குக்கறி வைப்பது போல. தாய் அன்று உண்டதை, பிள்ளை ஆண்டுதோறும் அதே நாளில் உண்கிறது. அவர்களின் வழக்கத்தில் பிறந்தநாள் பிள்ளையின் நாள் மாத்திரமல்ல; பெற்றவளின் நாளும் அதுவே.

கொரியப் பிள்ளையை வளர்க்கும் வேற்றுநாட்டுத் தாய் அந்தச் சூப்பைச் சமைத்துக் கொடுக்கும்போது, 'உன்னைப் பெற்ற ஒருத்தி இருக்கிறாள்' என்று சொல்லாமல் சொல்கிறாள். அதனால் அவளுடைய தாய்மை குறைந்து போகவில்லை. பிள்ளைக்கு அவளிடம் உள்ள நம்பிக்கை கூடத்தான் செய்கிறது.

சில குடும்பங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்த நாளையும் கொண்டாடுகின்றன. இதைப் பற்றி வளர்ந்த பிள்ளைகளிடையே ஒத்த கருத்து இல்லை. சிலருக்கு அது மகிழ்ச்சியான நாள். வேறு சிலரோ, 'நீங்கள் என்னைப் பெற்றுக்கொண்ட நாள், நான் என் தாயைப் பிரிந்த நாள்' என்கிறார்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் எங்கள் வீட்டுக்கு வந்த நாள், ஷெல்லடியில் யாரையோ இழந்த நாள். அதைக் கொண்டாட்டமாக்குவதா, அமைதியாக நினைவுகூருவதா என்பதைப் பிள்ளையின் மனமறிந்தே தீர்மானிக்க வேண்டும்.

பொய்த் திகதி தந்த வேதனை

அன்பு இருந்தால் போதும், உண்மை எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொரியாவிலிருந்தே பதில் வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, வெளிநாட்டுச் சுவீகாரத்தில் பத்திரங்கள் திரிக்கப்பட்டதையும், பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகள் அநாதைகள் என்று பதியப்பட்டதையும், ஒரு பிள்ளையின் பெயரில் இன்னொரு பிள்ளை அனுப்பப்பட்டதையும் வெளிப்படுத்தியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஜனாதிபதி லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் நாடும் இதில் விலக்கல்ல. 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பெற்ற தாயாக நடிப்பதற்குப் பெண்களுக்குக் காசு கொடுக்கப்பட்டது. பொய்ப் பிறப்புப் பத்திரங்கள் எழுதப்பட்டன. 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதனை அம்பலப்படுத்தியது. 2020 இல் சுவிற்சர்லாந்து அரசு தன் நாட்டில் நடந்தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. 2021 இல் நெதர்லாந்து வெளிநாட்டுச் சுவீகாரங்களை நிறுத்தி வைத்தது. தாயைத் தேடி இலங்கை வந்தவர்களில் சிலர், பத்திரத்தில் உள்ள பெண் தம்மைப் பெற்றவள் அல்ல என்று அறிந்தார்கள். தாய் பெயர் பொய்யென்றால் அதே பத்திரத்திலுள்ள பிறந்த திகதியை எப்படி நம்புவது?

வளர்ப்பவர்கள் செய்யக்கூடியவை

எங்கள் முன்னோர் இதில் ஒளிவு மறைவு வைக்கவில்லை. டச்சுக்காரர் 1707 இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையில், சுவீகாரம் எடுப்பவர்கள் உரித்தாளரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் குடிக்கும் வழக்கம் கூறப்படுகிறது. ஊரறியச் செய்த காரியம் அது. 1941 ஆம் ஆண்டின் பிள்ளைகளைச் சுவீகரித்தற் கட்டளைச் சட்டத்தின்படி இன்று நீதிமன்றக் கட்டளை மூலமே சுவீகாரம் நடைபெறுகிறது. ஆனால் எங்களில் பலர் சட்டப்படி எடுக்காமலே வளர்க்கிறோம். ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்போம்.

முதலாவது, பிறப்புப் பத்திரம். 2009 இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளை இன்று அடையாள அட்டை எடுக்கும் வயதைக் கடந்துவிட்டது. பிறப்புப் பதிவு பிள்ளை பிறந்த இடத்துக்குரியது. இப்போது குடியிருக்கும் இடத்துக்குரியதல்ல. பிறந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் தேடுங்கள். பதியப்படாவிட்டால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். சாதகக் குறிப்பு, ஞானஸ்நானப் பதிவு, பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் அட்டை எதுவும் உதவும். ஒன்றும் கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழியுண்டு. கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, அன்பு மிகுதியால் உங்கள் பெயரைப் பெற்றோர் பெயராக எழுதுவிக்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதைவிட, பிள்ளைக்கும் அதன் தகப்பனின் காணிக்கும் உள்ள தொடர்பை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள். வலிகாமம் வடக்கில் 1990 இல் விட்டு வந்த காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருக்கிறது. தகப்பனின் இரண்டு பரப்புத் தோட்டக் காணியை நாளைக்கு உரிமை கோருவதற்கு அந்தப் பிள்ளைக்கு உள்ள சாட்சி, உண்மையான பிறப்புப் பத்திரம்தான். உறுதி கையில் இருந்தால் அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, பிறந்த திகதி தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிள்ளையோடு இருந்து ஒரு நாளைத் தெரிவு செய்து, 'இது நாங்கள் வைத்த நாள்' என்று கூறிக் கொண்டாடுங்கள். கலியாணம் பேசும்போது சாதகம் இல்லையே என்று பயந்து பொய்ச் சாதகம் எழுதுவிப்பதைவிட இது நல்லது.

நான்காவது, பிறந்தநாளில் பெற்ற தாயின் பெயரை ஒரு தடவையாவது சொல்லுங்கள். எந்த ஊர், என்ன தோட்டம் செய்தார்கள், அவளுடைய கைக்கறியில் எது பேர்பெற்றது என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். படம் இருந்தால் காட்டுங்கள். பிள்ளை அழலாம். அழுதால் பக்கத்தில் இருங்கள்.

ஐந்தாவது, பெருநாளில் வேற்றுமை வேண்டாம். ஒரே தரத்து உடுப்பு, ஒரே அளவு கைவிசேஷம், குடும்பப் படத்தில் ஒரே வரிசை. வருகிற உறவினர் பிள்ளையின் காது கேட்க 'இது ஆற்றை பிள்ளை?' என்று விசாரித்தால் 'எங்கடை பிள்ளை' என்று மறுமொழி சொல்லி, மிச்சத்தைப் பிறகு பேசுங்கள். கோபத்திலும் 'எடுத்து வளர்த்தேன்' என்ற சொல் வாயில் வரக்கூடாது.

ஆறாவது, பெற்றோரின் சமயத்தை மதியுங்கள். கத்தோலிக்க வீட்டில் வளரும் சைவப் பிள்ளை ஆடி அமாவாசையில் தகப்பனுக்கும் சித்திரா பௌர்ணமியில் தாய்க்கும் விரதம் பிடிக்க விரும்பினால் இடம் கொடுங்கள். சைவ வீட்டில் வளரும் கத்தோலிக்கப் பிள்ளையை நவம்பர் 2 இல் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தக் கூட்டிச் செல்லுங்கள். ஒரு குருவானவராக இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. இறந்த தாய் தகப்பனை நினைக்கும் பிள்ளையை எந்தச் சமயமும் தடுக்காது.

காசில்லாத வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். ஒரு சுண்டு அரிசியில் பொங்கினாலும் பிறந்தநாள் பிறந்தநாள்தான். இந்த வருடம் உங்கள் வீட்டில் வளரும் பிள்ளையின் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். திகதி சரியா, தாயின் பெயர் சரியா என்று உறவினரிடம் விசாரியுங்கள். விபரம் தெரிந்த வயோதிபர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை அடுத்த பிறந்தநாளுக்குப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம்.