தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியில் கிளட்ச்சும் தடைப்பட்டையும்

கிளட்ச்சும் தடைப்பட்டையும் தானியங்கிப் பற்சக்கரப் பெட்டியில் பற்சக்கர விகிதத்தை மாற்றப் பயன்படும் உராய்வு உறுப்புகள் ஆகும். கிளட்ச் என்பது சுழலக்கூடிய இரண்டு உறுப்புகளை ஒன்றாகப் பிணைப்பது. தடைப்பட்டை என்பது சுழலும் ஓர் உறுப்பைச் சுற்றி இறுகி, அதைப் பெட்டியின் கூட்டோடு சேர்த்து நிறுத்துவது. தொழிற்கூடங்களில் இது பேண்டு என்று அழைக்கப்படுகிறது. இரண்டும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகின்றன.

கையால் இயக்கும் பெட்டியில், ஓட்டுநர் மிதியை அழுத்தி எஞ்சினின் ஆற்றலைத் துண்டித்த பின்னரே விகிதத்தை மாற்றுகிறார். தானியங்கிப் பெட்டியில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். எந்தப் பற்சக்கரமும் இடம் பெயர்வதில்லை. எந்த உறுப்பு பிடிக்கப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதே விகிதத்தைத் தீர்மானிக்கிறது. எனவே பிடிப்பதும் விடுவதும் உரிய நேரத்தில் நடைபெறுவதே இப்பெட்டியின் அடிப்படைத் தேவையாகும். இக்கட்டுரை கோள் பற்சக்கரத் தொகுதிகளைக் கொண்ட பெட்டிகளைப் பற்றியது.

கோள் பற்சக்கரத் தொகுதி

ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியில் மூன்று முதன்மை உறுப்புகள் உள்ளன. நடுவில் சூரியப் பற்சக்கரமும், வெளியே உட்புறம் பற்களைக் கொண்ட வளையப் பற்சக்கரமும் அமைந்திருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் சிறிய கோள் பற்சக்கரங்கள் சுழலும். அவற்றைத் தாங்கும் சட்டம் கோள் தாங்கி எனப்படும்.

இம்மூன்றில் ஒன்றை நிறுத்தி, மற்றொன்றுக்கு ஆற்றலைக் கொடுத்தால், மூன்றாவதிலிருந்து மாறிய வேகத்தில் சுழற்சி கிடைக்கும். எதை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் குறையலாம், கூடலாம், அல்லது திசை எதிராக மாறலாம். ஏதேனும் இரண்டைப் பிணைத்துவிட்டால் தொகுதி முழுவதும் ஒரே துண்டாகச் சுழலும். அப்போது விகிதம் 1.00 ஆகும். எதுவும் பிடிக்கப்படாவிட்டால் ஆற்றல் வெளியே செல்லாது. நிறுத்தும் பணியைத் தடைப்பட்டையும், பிணைக்கும் பணியைக் கிளட்ச்சும் செய்கின்றன.

பல்தட்டுக் கிளட்ச்

கிளட்ச்சின் வெளிப்புறம் டிரம் எனப்படும் உருளை வடிவக் கூடு ஆகும். அதனுள் எஃகுத் தட்டுகளும் உராய்வுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். எஃகுத் தட்டுகளின் வெளிவிளிம்பில் உள்ள பற்கள் டிரம்மின் உட்பள்ளங்களில் பொருந்தும். உராய்வுத் தட்டுகளின் உள்விளிம்பில் உள்ள பற்கள் நடுவிலுள்ள குடத்தில் பொருந்தும். தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே இயங்கும்.

டிரம்மின் அடிப்பகுதியில் வளைய வடிவப் பிஸ்டன் ஒன்று உள்ளது. அதன் பின்னால் எண்ணெய் அழுத்தத்துடன் செலுத்தப்படும்போது, அது தட்டுகளை நெருக்குகிறது. அப்போது டிரம்மும் குடமும் ஒன்றாகச் சுழல்கின்றன. அழுத்தம் நீங்கியதும் சுருள்வில்கள் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகின்றன.

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு அளவுகளின் பெருக்கற்பலன் ஆகும். அவை உராய்வுக் குணகம், நெருக்கும் விசை, தட்டுகளின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை என்பன. எடுத்துக்காட்டாக, பிஸ்டனின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், எண்ணெய் அழுத்தம் 7 பார் எனக் கொள்வோம். நெருக்கும் விசை 7,000 நியூட்டன் ஆகும். உராய்வுக் குணகம் 0.12, சராசரி ஆரம் 6 சென்டிமீட்டர், உராய்வுத் தட்டுகள் 4 எனில், முகங்கள் 8. சுருள்வில்களின் எதிர்விசையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 400 நியூட்டன் மீட்டர். விட்டத்தைப் பெரிதாக்காமல், தட்டுகளைக் கூட்டியே கிளட்ச்சை வலுப்படுத்தலாம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கிளட்ச் விடுபட்ட நிலையிலும் டிரம் சுழன்றுகொண்டிருக்கலாம். உள்ளே எஞ்சிய எண்ணெய், மையவிலக்கு விளைவால் வெளிவிளிம்பை நோக்கி ஒதுங்கிப் பிஸ்டனை அழுத்த முற்படும். இதனால் தட்டுகள் பாதியளவு உரசித் தேயும். இதைத் தடுக்கப் பல கிளட்ச்சுகளில் சிறிய எஃகுக் குண்டு கொண்ட வால்வு ஒன்று வைக்கப்படுகிறது. அழுத்தம் உள்ளபோது குண்டு துளையை மூடும். அழுத்தம் நீங்கியதும் துளை திறந்து எண்ணெய் வெளியேறும்.

தடைப்பட்டை

தடைப்பட்டை என்பது டிரம்மைச் சுற்றி அமைந்த, உட்புறம் உராய்வுப் பொருள் ஒட்டப்பட்ட எஃகுப் பட்டை ஆகும். அதன் ஒரு முனை பெட்டியின் கூட்டில் நிலையாக ஊன்றப்பட்டிருக்கும். மறு முனையைச் சர்வோ எனப்படும் சிறிய பிஸ்டன் தள்ளும்போது பட்டை டிரம்மை இறுக்கிப் பிடிக்கும்.

டிரம் சுழல முற்படும் திசை பட்டையை மேலும் இறுக்கும் திசையாக இருந்தால், உராய்வே சர்வோவுக்குத் துணை செய்கிறது. கிணற்று வாளியின் கயிற்றை ஒரு கம்பத்தில் சுற்றிப் பிடித்தால் சிறு விசையால் பெரும் சுமையைத் தாங்க முடிவது இதே விளைவால்தான். உராய்வுக் குணகம் 0.1 ஆகவும், பட்டை சுற்றிய கோணம் 6 ரேடியனாகவும் இருந்தால், பட்டையின் ஒரு முனையில் உள்ள இழுவிசை மறுமுனையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 1.8 மடங்காக இருக்கும். டிரம் எதிர்த்திசையில் சுழல முற்பட்டால் இந்த உதவி கிடைக்காது, பிடி தளரும். எனவே பட்டையின் எந்த முனையை ஊன்றுவது என்பது, டிரம் எந்தத் திசையில் சுழல முற்படும் என்பதைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது.

ஒருவழிக் கிளட்ச்

ஒருவழிக் கிளட்ச் ஒரு திசையில் தடையின்றிச் சுழலவிடும். மறு திசையில் பூட்டிக்கொள்ளும். இதற்கு எண்ணெய் அழுத்தமோ கட்டுப்பாடோ தேவையில்லை. மிதிவண்டியின் பின்சக்கரத்தில் உள்ள பிரீவீலும் இவ்வாறே செயல்படுகிறது.

எடுத்துக்காட்டு: டார்க்ஃபிளைட் ஏ-727

அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1962 இல் அறிமுகப்படுத்திய டார்க்ஃபிளைட் ஏ-727 மூன்று முன்னோக்கு விகிதங்களைக் கொண்டது. இதில் சிம்சன் தொகுதி எனப்படும் அமைப்பு பயன்படுகிறது. இது ஹோவர்டு சிம்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. இரண்டு கோள் தொகுதிகளுக்கும் பொதுவாக ஒரே சூரியச் சக்கரம் இருப்பது இதன் சிறப்பு. முன் தொகுதியின் கோள் தாங்கியும் பின் தொகுதியின் வளையமும் வெளியீட்டுத் தண்டோடு இணைந்துள்ளன. பின் கிளட்ச் முன் வளையத்தையும், முன் கிளட்ச் சூரியச் சக்கரத்தையும் உள்ளீட்டோடு பிணைக்கின்றன. முன் பட்டை சூரியச் சக்கரத்தை நிறுத்தும். பின் பட்டையும் ஒருவழிக் கிளட்ச்சும் பின் கோள் தாங்கியை நிறுத்தும்.

ஒவ்வொரு நிலையிலும் செயல்படும் உறுப்புகள் பின்வருமாறு:

* முதல் விகிதம் (2.45): பின் கிளட்ச், ஒருவழிக் கிளட்ச்
* இரண்டாம் விகிதம் (1.45): பின் கிளட்ச், முன் பட்டை
* மூன்றாம் விகிதம் (1.00): பின் கிளட்ச், முன் கிளட்ச்
* பின்னோக்கு (2.20): முன் கிளட்ச், பின் பட்டை
* நடுநிலை: இரு கிளட்ச்சுகளும் விடுபட்டிருக்கும்

இந்த எண்கள் அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து பெறப்படுகின்றன. சூரியச் சக்கரத்தின் பற்களை வளையத்தின் பற்களால் வகுத்தால் ஏறத்தாழ 0.45 கிடைக்கும். இதனோடு 2 ஐக் கூட்டினால் முதல் விகிதமும், 1 ஐக் கூட்டினால் இரண்டாம் விகிதமும் வரும். இதன் தலைகீழியே பின்னோக்கு விகிதமான 2.20 ஆகும்.

ஓட்டுநர் நெம்புகோலை '1' என்னும் நிலையில் வைத்தால் முதல் விகிதத்தில் பின் பட்டையும் இறுகும். ஒருவழிக் கிளட்ச் மட்டும் பிடித்திருக்கையில், இறக்கத்தில் சக்கரங்கள் எஞ்சினை இழுக்கும்போது அது விடுபட்டுவிடும்; எஞ்சினால் ஊர்தியின் வேகத்தைக் குறைக்க இயலாது. பின் பட்டை இரு திசைகளிலும் பிடிப்பதால் எஞ்சின் தடை கிடைக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது இந்நிலையைப் பயன்படுத்தச் சொல்வதன் காரணம் இதுவே.

மாற்றத்தின் நேரம்

வெளியீட்டுத் தண்டு நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். முதல் விகிதத்தில் சூரியச் சக்கரம் எதிர்த்திசையில் ஏறத்தாழ 2,200 சுற்றுகள் சுழலும். இரண்டாம் விகிதத்தில் அது அசையாமல் நிற்கும். மூன்றாம் விகிதத்தில் முன்னோக்கி 1,000 சுற்றுகள் சுழலும். அதாவது, ஒரே சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, நின்று, பிறகு முன்னோக்கிச் சுழல்கிறது.

முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறுவது எளிது. முன் பட்டை இறுகினால் போதும். ஒருவழிக் கிளட்ச் தானாகவே விடுபட்டுவிடும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இரண்டு செயல்கள் ஒருங்கே நடைபெற வேண்டும். முன் பட்டை விட வேண்டும். முன் கிளட்ச் பிடிக்க வேண்டும். பட்டை முந்தி விட்டால் எஞ்சின் பிடிப்பின்றி வேகமெடுத்து இரையும். பட்டை பிந்தி விட்டால், கிளட்ச் சுழற்ற முயலும் சக்கரத்தைப் பட்டை நிறுத்திப் பிடித்திருக்கும்; ஊர்தி குலுங்கி, இரண்டின் உராய்வுப் பரப்புகளும் தேயும்.

இதற்கான தீர்வு எளிமையானது. முன் கிளட்ச்சை இயக்கும் அதே எண்ணெய், முன் பட்டையின் சர்வோவில் விடுவிக்கும் பக்கத்துக்கும் செல்கிறது. கிளட்ச்சில் அழுத்தம் ஏற ஏறப் பட்டை தளர்கிறது. முறுக்குவிசைக்கு ஏற்ப எண்ணெய் அழுத்தத்தை வால்வுகள் கூட்டியும் குறைத்தும் தருகின்றன. திரட்டி எனப்படும் சுருள்வில் பொருத்திய பிஸ்டன், அழுத்தம் திடீரென ஏறாமல் பார்த்துக்கொள்கிறது.

வரலாறு

1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி மகிழுந்தில் கோள் பற்சக்கரப் பெட்டி இருந்தது. தாழ் விகிதம், பின்னோக்கு, தடை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பட்டைகள் இருந்தன. ஓட்டுநர் மிதிகளைக் காலால் அழுத்தி அவற்றை இறுக்கினார். உயர் விகிதத்துக்குப் பல்தட்டுக் கிளட்ச் பயன்பட்டது. பின்னாளில் சர்வோ செய்த வேலையை இதில் ஓட்டுநரின் கால் செய்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பெட்டி 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் மகிழுந்துகளில் வெளிவந்தது. இதன் நான்கு விகிதங்கள், 1.45, 2.63 ஆகிய விகிதங்களைக் கொண்ட இரு தொகுதிகளால் பெறப்பட்டன. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பட்டையும் ஒரு கிளட்ச்சும் இருந்தன. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது இரு பட்டைகளும் இரு கிளட்ச்சுகளும் ஒரே நேரத்தில் நிலை மாற வேண்டியிருந்தது. அதனால் இம்மாற்றத்தைச் சீராக்குவது கடினமாக இருந்தது.

மின்னணுக் கட்டுப்பாடு வந்த பின்னர், ஒரு கிளட்ச்சை விடும் கணத்திலேயே மற்றொன்றைப் பிடிப்பது எளிதாயிற்று. தடைப்பட்டையின் இடத்தைக் கூட்டோடு பிணைக்கும் பல்தட்டுத் தடைகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. 2009 இல் உற்பத்திக்கு வந்த, செருமனியின் இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி பெட்டியில் பட்டைகளே இல்லை. நான்கு கோள் தொகுதிகளும், மூன்று கிளட்ச், இரண்டு தடை என ஐந்து பிடிப்பு உறுப்புகளும் சேர்ந்து எட்டு முன்னோக்கு விகிதங்களைத் தருகின்றன. எந்த விகிதத்திலும் இரண்டு உறுப்புகள் மட்டுமே விடுபட்டிருக்கும். விடுபட்ட தட்டுகள் எண்ணெயை இழுப்பதால் ஏற்படும் இழப்பு இதனால் குறைகிறது.

தேய்மானமும் பழுதும்

உராய்வு உறுப்பு வழுக்கும்போது முறுக்குவிசையும் வழுக்கும் வேகமும் சேர்ந்து வெப்பமாகின்றன. மாற்றத்தின்போது சிறிது நேரம் வழுக்குவது இயல்பு. நீண்ட நேரம் வழுக்கினால் உராய்வுப் பொருள் கருகும். எஃகுத் தட்டுகள் வளையும். உதிர்ந்த துகள்கள் வடிகட்டியையும் வால்வுகளையும் அடைக்கும். எண்ணெய் கருத்துக் கருகல் வாடை வீசுவதும், ஊர்தியின் வேகம் கூடாமல் எஞ்சினின் இரைச்சல் மட்டும் கூடுவதும் இதன் அறிகுறிகள் ஆகும்.

எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அழுத்தம் குறைந்து, நல்ல தட்டுகளும் வழுக்கத் தொடங்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயையே பயன்படுத்த வேண்டும் என்பதும் இதையொட்டியதே. எண்ணெயின் வகை மாறினால் உராய்வுக் குணகமும் மாறும். பட்டை தேயும்போது சர்வோ செல்ல வேண்டிய தொலைவு கூடுவதால், பல பெட்டிகளில் அதைச் சரிசெய்யத் திருகாணி ஒன்று உள்ளது.

பெரும்பாலான பெட்டிகளில் பம்பு எஞ்சினால் சுழற்றப்படுகிறது. எஞ்சின் நின்றால் அழுத்தம் இல்லை; எனவே தள்ளி இயக்க முடியாது. இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள ஊர்தியை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றால், உட்புற உறுப்புகள் எண்ணெய் இன்றிச் சுழன்று பழுதடையும். அச்சக்கரங்களைத் தூக்கியோ, ஊர்தியை வேறொரு வாகனத்தின் மீது ஏற்றியோ கொண்டுசெல்வதே பாதுகாப்பானது.