பழைய துவக்கை வாங்கும் முன் பார்க்கவேண்டியது என்ன?

கடந்த காலபோகத்தின்போது நெடுங்கேணிப் பக்கம் ஒரு கமக்காரரின் வயலுக்குப் போயிருந்தேன். குடலைப் பருவத்தில் நின்ற நெல்லைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் உழுதுவிட்டிருந்தன. யானைப் பிரச்சினை பற்றி எழுதப்போன என்னிடம் அவர் வேறொன்றைக் கேட்டார்.

“தம்பி, பழைய ஆமித் துவக்கு ஒண்டு இருக்கு, மலிவாத் தாறன் எண்டு ஒராள் சொல்லுறார். நல்லதோ பழுதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?”

இராணுவங்கள் கழித்த துவக்குகளைச் சட்டப்படி வாங்கக்கூடிய நாடுகள் உண்டு. அமெரிக்காவில் பிரித்தானியப் படைகளின் லீ என்பீல்ட் .303 இன்றும் கைமாறுகிறது. அதை வாங்குபவர் உள்ளே தோட்டா இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்துவார். பிறகு குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பார். பழைய தோட்டாக்களின் எரியூட்டி மருந்து விட்டுச்செல்லும் உப்பு, ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். வெளியே பளபளக்கும் துவக்கு உள்ளே குழிவிழுந்து கிடப்பது அதனால்தான்.

அடுத்தது இலக்கம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் ‘போல்ட்’டிலும் துவக்கின் உடலிலும் ஒரே இலக்கம் இருக்கவேண்டும். வேறொன்றின் போல்டை மாட்டியிருந்தால், தோட்டா அமரும் இடத்தில் இடைவெளி கூடிவிடலாம். சுடும்போது கோது வெடித்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே வரும். ‘டி.பி.’ என்று பொறித்திருந்தால் அது அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்கல்ல.

ஆனால், வவுனியாவில் இந்தப் பரிசோதனைகள் எதுவும் உதவாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1996இல் திருத்தப்பட்டபின் தண்டனைகள் இன்னும் கடுமையாகின. தானியங்கித் துவக்கு என்றால் ஆயுள் தண்டனை வரை போகும். போர் நடந்த மண்ணில், “காணிக்குள்ள கிடந்தது” என்ற விளக்கத்தோடு விசாரணை முடிந்துவிடாது. மண்ணுக்குள் கிடந்ததைத் தொடுவதே உயிராபத்து. அப்படி ஏதும் கண்டால், கிட்டப் போகாமல் பொலிஸாருக்கு 119இல் அறிவிப்பதுதான் வழி.

பயிர்ப் பாதுகாப்புக்குச் சட்டவழி இருக்கிறது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, மாவட்டச் செயலகம், பாதுகாப்பு அமைச்சு என்று விண்ணப்பம் பல படிகளைக் கடக்கும். கிடைத்தால் அது பொதுவாகச் சொட்கன் வகைத் துவக்கு. அனுமதிப்பத்திரம் ஆளுக்குரியது, அயலவரின் துவக்கைக் காசுகொடுத்து வாங்கினால் பத்திரம் கூட வராது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

சட்டப்படி பழைய சொட்கன் ஒன்று கைக்கு வருகிறதென்றால், முதலில் அதன் இலக்கத்தைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வெறுமையான குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே வளையம்போல நிழல் தெரிந்தால் குழல் எங்கோ வீங்கியிருக்கிறது, அதைச் சுடக்கூடாது. மூடிப் பூட்டியபின் மெல்ல அசையுங்கள். மூட்டு ஆடினால் தேய்ந்துவிட்டது. பிடியின் ஒடுங்கிய கழுத்தில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டாவின் நீளம் இன்னொரு பொறி. 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்குச் செய்த பழைய துவக்கில் 70 மில்லிமீற்றர் தோட்டாவும் உள்ளே போய்விடும். சுடும்போது அதன் வாய் விரிய இடம் போதாமல் அழுத்தம் எகிறும். சந்தேகம் இருந்தால் துவக்குத் திருத்துநரிடம் காட்டாமல் ஒரு வெடிகூட வைக்கவேண்டாம்.

இவற்றையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது அவர் வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “விண்ணப்பம் போட்டு வாறதுக்குள்ள அறுவடை முடிஞ்சிடும் தம்பி” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தத் தாமதம்தான் மலிவுத் துவக்கையும் கட்டுத்துவக்கையும் கமக்காரரின் வாசலுக்குக் கொண்டுவருகிறது. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் ஒன்று, விடியற்காலையில் வரம்பால் நடந்து வருபவரும் ஒன்று.

அவர் அந்த ஆமித் துவக்கை வாங்கவில்லை. விண்ணப்பம் கொடுத்துவிட்டு, டோர்ச் லைற்றோடும் வெடிக்கட்டோடும் காவல் கொட்டிலில்தான் இரவைக் கழிக்கிறார்.