ஹீலியம் காத்தல்

கொங்கு நாட்டு உழவர் நீரின் அருமையை நன்கறிந்தவர். கவலை பூட்டி ஆழ்கிணற்றினின்று நீர் இறைத்த நாளில், தோற்சாலில் கிழிசல் கண்டால் அதனைத் தைத்த பின்னரே எருதுகளை ஓட்டுவர். இன்று அந்நாட்டின் பெருநகராகிய கோயம்புத்தூரில், மருத்துவமனைகளின் எம்.ஆர்.ஐ. கருவிகளினுள்ளே மற்றொரு திரவம் அதனினும் மிக்க கருத்துடன் காக்கப்பட்டு வருகிறது. அதுவே திரவ ஹீலியம்.

இக்கருவிகளில் நயோபியமும் டைட்டானியமும் கலந்த கம்பிச்சுருள் உண்டு. மிகக் குளிர்ந்த நிலையில் அக்கம்பி மின்தடையை முற்றும் இழந்துவிடும். ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் குறையாது சுற்றிவந்து வலிய காந்தமாக விளங்கும். இதனை மீக்கடத்தல் என்பர். ஆராய்ச்சிக்கூடங்களின் பெருங்காந்தங்கள் பலவும் இவ்வகையினவே. அக்குளிரை அளிப்பது, பூச்சியத்திற்குக் கீழ் 269 டிகிரியில் கொதிக்கும் ஹீலியம். திரவம் குறைந்து கம்பி சற்றே வெப்பமுற்றால் மின்தடை மீளும். காந்தத்தின் ஆற்றல் வெப்பமாகி, எஞ்சிய திரவத்தையும் கொதிக்கச் செய்யும்.

ஒரு வாட் வெப்பம் உட்புகுந்தாலே மணிக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் திரவம் ஆவியாகும். ஆதலின் கலத்திற்கு இரு சுவர்கள் அமைத்து, இடையே வெற்றிடம் உண்டாக்குவர். அவ்வெற்றிடத்துள் ஹீலியம் கசிந்தால் வெப்பம் புகுவதற்கு வழி பிறந்துவிடும். ஹீலியம் அணுவோ மிக நுண்ணியது. பிற வாயுக்கள் நுழைய இயலாத துளையிலும் நுழையும். ரப்பர் வளையம் இக்குளிரில் கண்ணாடிபோல் இறுகிப் பயனற்றுப் போகும். எனவே மூட்டுகளின் இடையே இண்டியம் என்னும் மென்மையான உலோகத்தின் கம்பியை வைத்து நசுக்குவர்.

கசிவைக் காணும் முறை சுவையானது. கலத்தினுள் இருக்கும் காற்றை நீக்கிவிட்டு, மூட்டுகளின் மேல் ஹீலியம் வாயுவை மெல்ல ஊதுவர். உட்புகும் அணுக்களை, எடைவாரியாகப் பிரித்தறியும் கருவியொன்று காட்டிவிடும். கள்வனைக் கொண்டே அவன் நுழையும் வழியை அறிவது போன்றது இது! எனினும் உலோகங்கள் யாவும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. அறை வெப்பத்தில் கசியாத மூட்டு, குளிர்ந்தபின் கசிவதுண்டு. ஆதலின் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தும் சோதிப்பர்.

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், காந்தங்களுக்கிடையே மின்னிணைப்பு ஒன்று பழுதுற்றது. எழுந்த மின்பொறி கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ ஆறு டன் ஹீலியம் வெளியேறிற்று. 53 காந்தங்களைச் சுரங்கத்தினின்று மேலே எடுக்க நேர்ந்தது. பணி ஓராண்டுக்கு மேல் தடைப்பட்டது.

வெளியேறும் வாயுவால் மற்றோர் இடரும் உண்டு. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 750 லிட்டர் வாயுவாக விரியும். மணமும் நிறமும் அற்ற அது, மூடிய அறையில் மூச்சுக்காற்றை விலக்கிவிடும். உள்ளிருப்போர் அறியாமலே மயங்கி வீழ்வர். இதனால் ஆக்ஸிஜன் அளவுமானியும், வாயுவை வெளியே போக்கும் அகன்ற குழாயும் அமைக்கின்றனர். பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் ஆவியை வீணாக்காது, பைகளில் சேர்த்து, அழுத்தி, மீண்டும் திரவமாக்குகின்றன. வானில் கலந்துவிட்ட ஹீலியம் மெல்ல மெல்லப் புவியை விட்டே நீங்கிவிடும். அதனை மீட்க வழியில்லை.