சித்தப்பாவை ஆற்றிய காற்று

போன ஜூனில் என் தம்பி மணாலியிலிருந்து லே வரைக்கும் பைக்கில் போய் வந்தான். ஊர் திரும்பியதும் பையிலிருந்து அவன் முதலில் எடுத்தது, நான்காக மடித்துக் கசங்கிப்போன ஓர் இந்திச் செய்தித்தாள்.

"சித்தப்பா, உங்களுக்குத்தான் இந்தி படிக்க வராதே?" என்றாள் என் மகள்.

"படிக்கவா வாங்கினேன்? சட்டைக்குள்ள நெஞ்சுக்கு நேரா செருகிக்கிட்டேன். இது இல்லாட்டி நான் விறைச்சுப் போயிருப்பேன்."

ஒரு செய்தித்தாளால் எப்படிக் குளிரைத் தடுக்க முடியும்? பைக்கில் ஏறி, அந்த மலைப்பாதையில் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

மணாலி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழியில் வரும் பாராலாச்சா லா கணவாயோ சுமார் 4,890 மீட்டர். ('லா' என்றாலே அந்தப் பக்கத்து மொழியில் கணவாய்தான்.) ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மணாலியில் 20 டிகிரி என்றால் கணவாயில் 2 டிகிரி, அவ்வளவுதான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓரிடத்தில் நின்றால் 2 டிகிரியைச் சமாளித்துவிடலாம். பைக்கில் போகிறவர் நிற்பதில்லையே!

உங்கள் வீட்டில் சூடான காபியை டபராவில் ஊற்றி ஆற்றுவார்கள் அல்லவா? காபிக்கு மேலே உள்ள சூடான காற்று விலகி, குளிர்ந்த காற்று வந்துகொண்டே இருப்பதால் அது சீக்கிரம் ஆறுகிறது. நம் தோலை ஒட்டியும் அப்படி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் போர்வை உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்காற்று அந்தப் போர்வையை உருவிக்கொண்டு போய்விடும். 37 டிகிரிச் சூடுள்ள ஒரு டபரா காபிதான் சித்தப்பா. காற்று அவரை ஆற்றிக்கொண்டே வருகிறது. மூடாத முகத்துக்கு அந்த 2 டிகிரி, மைனஸ் 5 மாதிரி உறைக்கும். ஆனால் ஈரமில்லாத பெட்ரோல் டேங்க் எவ்வளவு காற்றடித்தாலும் 2 டிகிரிக்குக் கீழே இறங்காது. சூட்டை உண்டாக்கி உண்டாக்கிப் பறிகொடுப்பது டேங்க் இல்லை, உடம்புதான்.

குளிர் உள்ளே வருகிறது என்று சொல்கிறோமே, அது தப்பு. சூடுதான் வெளியே போகிறது. செய்தித்தாள் சூடு தராது. காற்றை உள்ளே விடாமல் மறிக்கும், மடிப்புகளுக்குள்ளும் கொஞ்சம் காற்றை அசையாமல் பிடித்து வைக்கும். அசையாத காற்றைவிட மலிவான கம்பளி கிடையாது.

அடுத்து மழை. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, ஈரம் ஆவியாகும்போதும் உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அதனால்தான் மழைக்கோட்டு போதாது என்று, சாக்ஸுக்கு மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு பூட்ஸ் போடுகிறார்கள்.

உடம்பு சும்மா இருக்குமா? இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, கைகால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் மரத்துப்போகும். பிரேக்கைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியாது! பிறகு நடுக்கம் வரும். அது தீக்குச்சி உரசாமல் தசைகள் மூட்டும் அடுப்பு. இன்னும் குளிரும்போதே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால்தான் ஆபத்து. உடனே ஒதுங்கி, ஈரத் துணியை மாற்றியாக வேண்டும்.

சித்தப்பாவுக்கு அங்கே ஆலங்கட்டியும் விழுந்தது. கோலிக்குண்டு அளவுக் கட்டி மணிக்கு சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் விழும். பைக் 60 கிலோமீட்டரில் எதிரே போனால் அது 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். (60-ஐயும் 40-ஐயும் கூட்டி 100 என்று சொல்லாதீர்கள், ஒன்று குறுக்கே, ஒன்று மேலிருந்து. பிதாகரஸைக் கேளுங்கள்.) அடியின் ஆற்றலோ மூன்று மடங்குக்கும் மேல். வண்டியை நிறுத்தினாலே பாதி வலி போய்விடும். சித்தப்பா நிறுத்தினார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. புத்திசாலி.

2010-இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், விவியன் என்ற ஊரில் விழுந்த ஓர் ஆலங்கட்டி 20 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட 900 கிராம். அதற்கு முன்னால் ஹெல்மெட் எம்மாத்திரம்!

நம் ஊரிலும் கோடையில் எப்போதாவது ஆலங்கட்டி விழும். மழை விட்டதும் பெரிய கட்டியாக ஒன்றைப் பொறுக்கி, அம்மாவிடம் கொடுத்துக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். வெங்காயம் மாதிரி வளையங்கள் தெரியும். மெதுவாக உறைந்த வளையம் கண்ணாடி போல இருக்கும். சட்டென்று உறைந்தது காற்றுக் குமிழ்களைச் சிறைப்பிடித்து வெள்ளையாக இருக்கும். எத்தனை வளையம் என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள். சீக்கிரம் எண்ணுங்கள், உருகிவிடும்!